பாறைமேல் மோர் மிளகாய்

மழை நிற்கும். எப்போது என்பதுதான் தெரியாது. காரைக் கடலைப் பார்த்தாற்போல் நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, எனக்கு விடுமுறை. அயர்லாந்தில் வெயிலுக்காகக் காத்திருந்தால் வீட்டுக்குள்ளேயே கிழவியாகிவிடுவாய், கிளம்பிப் போ, போய் அங்கே காத்திரு என்று ப்ரீட் சொன்னது நான் வந்த முதல் வருடத்தில். ப்ரீட் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள், ஐம்பத்தெட்டு வயது, டிசம்பரில்கூடக் கடலில் இறங்கிக் குளிக்கிறவள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. மழை பெய்கிற கடற்கரைக்குக் காசு கொடுத்தாலும் எங்கள் சங்கரன்கோவிலில் யாரும் போகமாட்டார்கள். எனக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்க் கடல்தான், மொட்டைத் தலைகளுக்கும் ஈரத் துணிகளுக்கும் நடுவே துண்டு துண்டாகத் தெரிகிற கடல். இங்கே முழுக் கடலும் தெரிகிறது, மனிதர்தான் தெரிவதில்லை. இப்போது ஆறு வருடமாகிவிட்டது, மழையையும் வெயிலையும் பார்த்துக் கிளம்புவதை விட்டுவிட்டேன். நாயோடு ஒருவர் எதிரே வருவார், காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்பார், ஆமாம் அடங்கியிருக்கிறது என்பேன், அவ்வளவுதான், அவர் போய்விடுவார். மேற்கொண்டு ஒரு கேள்வி வராது. அந்த வராத கேள்விக்காகத்தான் நான் இங்கே வருகிறேன் என்பதை ப்ரீடிடம் சொன்னதில்லை. காற்று நல்லது, உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நின்றுவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது, மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்து தண்ணீரில் ஓர் இடம் மட்டும் வெளுக்கிறது, பிறகு அந்த வெளுப்பு கரைக்கு வருகிறது, கார் கண்ணாடிக்கு, என் மடிக்கு. கதவைத் திறந்து இறங்குகிறேன். பாசியும் உப்பும் சேர்ந்த ஈர வாசனை. துண்டை நாலாக மடித்துப் பாறையில் போட்டு உட்கார்ந்தால் பின்பக்கம் கொஞ்சம் நனையும், நனையட்டும். எதிரே ஒரு சின்னத் தீவு, அதில் கல் சுவர் போட்ட இரண்டு வயல், சில ஆடுகள். வலப்பக்கம் அரை மைல் வெறும் மணல். அலை பெரிய சத்தம் போடாமல் வந்து போகிறது. முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டால் இமைக்குள் சிவப்பாக வெயில். பத்து நிமிடம் இருக்குமா, இருபது நிமிடமா, எதுவானாலும் இது என்னுடையது. போன மாதம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தபோது ஆலங்கட்டி விழுந்தது, ஒரு நிமிடம், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் வெயில், நான் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன். தனியாக இருக்கிற பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட இங்கே ஆடுகள் மட்டும்தான், அவையும் திரும்பிக்கொண்டுதான் நிற்கின்றன. தீவு மறைந்தால் மழை, அது மறைந்து ஏழு நிமிடத்தில் இங்கே வந்துவிடும், அதையும் ப்ரீட்தான் சொன்னாள். இப்போது தீவு தெளிவாகத் தெரிகிறது, சுவரின் கற்களை எண்ணலாம்போல. கார் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, என் காரை ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்துகிற சத்தம் அது. நம் ஊர்க்காரர்களை விட்டால் வேறு யார் அப்படி நிறுத்துவார்கள்? கதவு சாத்துகிற சத்தத்துக்குப் பின்னால் குரல், "மகேந்திரா, அந்த டப்பாவ எடு, குலுக்காம எடு." சாத்தூர்ப் பக்கம். அந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் தெரியும், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நூல் சேலை, அதற்கு மேல் மகனுடைய மழைக்கோட்டு, தலையில் கம்பளிக் குல்லா, காலில் வெள்ளை ஷூ. மகன் டப்பாவோடும் ஒரு வேட்டியோடும் பின்னால் வருகிறான், யாருக்கும் தெரியாமல் இந்தக் காரியம் முடிந்துவிடவேண்டும் என்று முகத்தில் எழுதியிருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து இருபது அடியில் ஒரு தட்டைப் பாறை. "இதுதான்டா நல்லாருக்கு, வெயிலு நேரா விழுது." "அம்மா, அங்க ஒருத்தங்க இருக்காங்க. பாத்தா என்ன நெனப்பாங்க?" "மொளகா காயுதுன்னு நெனப்பாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, அதை விழுங்கினேன், கடலைப் பார்த்துக்கொண்டு. அவர் வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தார். டப்பாவைத் திறந்ததும் காற்று இந்தப் பக்கமாகக் கொண்டுவந்து கொட்டியது, புளித்த மோரும் உப்பும் பச்சை மிளகாய்க் காரமும். வாயில் எச்சில் ஊறியது. மோர் மிளகாய். அயர்லாந்தில், கடற்கரையில், இந்த வெயிலை நம்பி. "பதினோரு நாளாச்சு. ராத்திரி மோர்ல போடுறேன், பகல்ல எடுக்குறேன், காஞ்சாத்தான. ஹீட்டர் மேல வச்சா திரைச்சீலை எல்லாம் நாறுதுங்குறா உம் பொண்டாட்டி. நா எங்கதான் கொண்டு போறது?" மகன் போனில் சிக்னல் இருக்கிறதா என்று கையைத் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொரு மிளகாயாக எடுத்து, ஒன்றோடொன்று படாமல், காம்பு எல்லாம் ஒரே பக்கமாக அவர் வைத்த விதத்தில் பதினோரு நாளும் தெரிந்தது. எனக்குச் சொல்லத் தோன்றியது, அம்மா, இந்த வெயில் காயவைக்கிற வெயில் இல்லை, சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போகிற வெயில், இந்நேரம் அந்தத் தீவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும்.

அவரே வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிழல் என்மேல் விழுகிற தூரத்தில் வந்து நின்று, "ஏம்மா, தமிழா?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது, பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட முகம். "தமிழ்ப் புள்ளைதான நீ?" நான் என்ன செய்தேன் என்றால், 'சாரி?' என்றேன். ப்ரீட் சொல்வதுபோல், அந்த ரகரத்தை நாக்குச் சுருட்டி இழுத்து. அவர் இன்னும் மெதுவாக, காது கேளாதவளிடம் கேட்பதுபோல், "த-மி-ழா?" என்றார். 'நோ. சாரி' என்றேன். இரண்டே வார்த்தை. அதற்கு மேல் ஒரு புன்னகை வேறு, இல்லத்தில் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று பார்வையாளர்களிடம் சொல்கிறபோது போட்டுக்கொள்கிற புன்னகை. மகன் அங்கிருந்தே, "அம்மா, விடும்மா. இங்கயே பொறந்து வளந்தவங்களா இருக்கும்" என்றுவிட்டு, எனக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்! அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், ஆனால் சுருங்கினபடியே நிற்கவில்லை. "சரி போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிளகாயைக் காட்டி, கண்ணைத் தொட்டுக் காட்டி, கையைப் பறவைபோல் ஆட்டி, "நாங்க செத்த நடந்துட்டு வாரோம். கடக்காக்கா வந்தா வெரட்டு தாயி" என்றார். நான் தலையை ஆட்டினேன். இருவரும் மணலில் நடந்து போனார்கள், அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், மிளகாயையா என்னையா தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் கோமதி? யாரும் கேட்கவில்லை, நானே கேட்கிறேன், முகம் காதுவரை சுடுகிறது, அவ்வளவு காற்றிலும் சுடுகிறது. பதில் எனக்குத் தெரியும். தமிழா என்பதோடு நிற்காது. எந்த ஊரு? சங்கரன்கோவிலா, அங்க யாரு வீடு? என்ன வேல? நர்சா, நல்லது. வீட்டுக்காரரு என்ன பண்றாரு? எத்தன புள்ளைங்க? இது விசாரணை இல்லை, அன்புதான், எனக்குத் தெரியாதா, நானும் அப்படிக் கேட்டவள்தான். நாலாவது கேள்வியில் நான் நின்றுவிடுவேன். சுதாகர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டு, எதற்காகப் போகிறான் என்றுகூடச் சத்தமாகச் சொல்லாமல், டப்ளினில் வேலை மாறிவிட்டது என்பதுபோல் போனான். அங்கே யாரோடு இருக்கிறான் என்பது அப்புறம் தெரிந்தது. அம்மாவிடம் மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி என்றேன். அம்மா பக்கத்து வீட்டில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை என்கிறாள். என்னிடம் அவள் ஒன்றும் துருவிக் கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதிலேயே தெரிந்துவிட்டதோ என்று பயம். ப்ரீடிடம் மட்டும் சொன்னேன், மருந்து அறையில் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டே சொன்னேன், கஷ்டமாகவே இல்லை. என் கணவர் என்னை விட்டுப் போய்விட்டார். ஆங்கிலத்தில் அது யாருக்கோ நடந்ததுபோல் இருக்கிறது, ரத்த அழுத்தம் நூற்று நாற்பது என்பதுபோல. தமிழில் அந்த வாக்கியத்தை நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதும் சொன்னதில்லை. தமிழில் சொன்னால் அதோடு தெரு வரும், அத்தைமார் வருவார்கள், இவ என்ன செஞ்சாளோ என்று ஒரு குரல் வரும், அந்தக் குரல் என்னுடையதாகவே இருக்கும். அதனால் தமிழையே கழற்றி வைத்துவிட்டேன். முதலில் இங்குள்ள தமிழர்கள் கூடுகிற நவராத்திரிக்குப் போகவில்லை, அப்புறம் பொங்கல் விருந்துக்கு, அப்புறம் கடையில் தமிழ்க் குரல் கேட்டால் அடுத்த வரிசைக்குள் புகுந்து ஓட்ஸ் டப்பாவைப் படித்துக்கொண்டு நிற்பது. இன்றைக்கு, ஒதுங்க வரிசை இல்லாததால், எனக்குத் தெரியாது என்றே சொல்லிவிட்டேன்.

ஒரு கடற்காக்கா வந்து பாறை ஓரத்தில் இறங்கி, மிளகாயைப் பார்த்தது. "ச்சூ" என்றேன். அது போய்விட்டது. ச்சூ என்று தமிழில்தானே விரட்டினாய் என்று நினைத்ததும் இன்னும் கேவலமாக இருந்தது. இல்லத்தில் மார்ட்டின் என்று ஒரு பெரியவர், தொண்ணூறு வயது. பக்கவாதம் வந்ததற்குப் பிறகு ஆங்கிலம் போய்விட்டது, சின்ன வயதில் பேசிய ஐரிஷ் மட்டும்தான் மிச்சம். எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, ப்ரீடுக்கே அரைகுறை. அவருக்காக நான் காகிதத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன், இஷ்க என்றால் தண்ணீர். முதல் நாள் நான் இஷ்க என்று டம்ளரை நீட்டியபோது மார்ட்டின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! அம்மாவிடம் போனில் சொன்னேன், அம்மா உடனே தன் பால்வாடிக்கே சொல்லியிருப்பாள். பால்வாடி டீச்சர் அவள். முப்பது வருடம் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தரையில் புளியங்கொட்டையை அடுக்கி அ போட்டுக் காட்டியவள், எனக்கும்தான். யாரோ ஒரு கிழவருடைய பாஷையில் தண்ணீர் என்று சொல்ல ஒரு வாரம் படித்தவள், தன் பாஷையில் ஆமாம் என்று சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். இதை நான் யாரிடம் பெருமையாகச் சொல்வது? மணலில் அவர்கள் இருவரும் சிறிதாகிவிட்டார்கள். அவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மகன் போனைக் காதில் வைத்துத் தள்ளி நடந்துகொண்டிருந்தான். சரி, அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் கிளம்பிப் போய்விடலாம். காரில் ஏறினால் முடிந்தது. மிளகாயை யார் தின்னப்போகிறார்கள்.

தீவைக் காணோம். எப்போது போயிற்று? ஆடும் சுவரும் எதுவும் இல்லை, சாம்பல் நிறமாக ஒரு திரை, அது தண்ணீரின்மேல் இந்தப் பக்கம் நகர்கிறது. ஏழு நிமிடத்தில் எத்தனை போயிற்று என்று தெரியவில்லை. அவர்கள் அந்தத் திசையைப் பார்க்கவே இல்லை. கூப்பிடலாம். என்னவென்று கூப்பிடுவது? ஆங்கிலத்தில் கத்தினால் மகனுக்குக் கேட்காது, அவன் போனில் இருக்கிறான். அம்மா மழை வருது என்று கத்தினால் அவருக்குக் கேட்கும், புரியும், எல்லாமே புரிந்துவிடும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில்கூட நான் என் மானத்தைத்தான் பார்த்தேன், பதினோரு நாள் மிளகாயை அல்ல. முதல் துளி கையில் விழுந்ததும் எழுந்து ஓடினேன். கற்களைத் தள்ளிவிட்டு, வேட்டியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து, எழுந்து, என் கார்ப் பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பாறையில் நாலைந்து சிந்திக் கிடந்தன, திரும்பிப் போய் அவற்றையும் பொறுக்கினேன். அதற்குள் மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. அவர்கள் ஓடி வந்தார்கள், ஓடி என்றால் மகன் ஓடினான், அவர் வெறுங்காலோடு ஒரு கையால் குல்லாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாறை காலியாக இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். நான் என் கார்க் கதவைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், மிளகாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மகன் எனக்கு மூன்று முறை நன்றி சொன்னான், அப்புறம் தாயின் காலைப் பார்த்துவிட்டு, "ஷூவ அங்கயே விட்டுட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி மணலுக்கு ஓடினான்.

நான் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். மழை கூரைமேல் கொட்டுகிறது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொண்டு வருகிறது, கார் முழுக்க மோர் வாசனை. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் தெரிகிறார். வேட்டியைப் பிரித்து ஒவ்வொரு மிளகாயாக எடுத்து, ஒட்டியிருக்கிற மணலைத் துடைத்து, மறுபடி காம்பெல்லாம் ஒரே பக்கமாக வைக்கிறார். என்னோடு பேச முயற்சி செய்யவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மிளகாயைப் பார்த்தே பேச ஆரம்பித்தார், தனக்குத்தானே பேசுகிறவர்போல. "நல்ல புள்ளதான். ஓடி வந்து அள்ளிருக்கு, முட்டியில ரத்தம் வருது, அதக்கூடப் பாக்கல. பெத்தவ சரியில்ல. ரெண்டு வார்த்த தமிழு சொல்லிக் குடுக்காம வளத்துருக்கா பாரு. அப்படி என்ன சோலி அவளுக்கு?" தரையில் புளியங்கொட்டை அடுக்குகிற விரல்கள். முப்பது வருடம். அ-வின் அந்தச் சுழி சரியாக வரவில்லை என்றால் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவாள், சலிக்கவே மாட்டாள். என்னை என்ன சொன்னாலும் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். "எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, வெகுநாள் பூட்டிவைத்த அறைக்குள் பேசுவதுபோல.

கண்ணாடியில் அவர் நிமிரவில்லை. இன்னொரு மிளகாயை எடுத்து ஊதினார். "தெரியும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "காக்கா வந்தா வெரட்டுன்னு சொன்னேன். எங் கையப் பாக்காமலே தலைய ஆட்டுன. அப்பவே தெரியும்." அப்படியானால் என் அம்மாவை வேண்டுமென்றுதான் பேச்சில் இழுத்திருக்கிறார். கோபம் வரவேண்டும், வரவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. "நா இங்க வந்து ரெண்டு மாசமாச்சு" என்றார். "மகன் போன்ல இருக்கான், மருமக ஆபீஸ்ல இருக்கா, பேரன் இங்கிலீஷ்ல இருக்கான். தூரத்துல உன்னப் பாத்ததும் எனக்கு உசுரே வந்துச்சு. நீ இல்லன்னுட்ட." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, அம்மா, அதை மன்னிச்சிருங்க என்று சொல்லத் தொடங்கி, முடிக்கவில்லை. "ஏம்மா?" என்றார். மழை கொஞ்சம் குறைந்தது, உடனே கூடியது. மகன் இன்னும் வரவில்லை. காரணம் ஒன்றைக் கட்டிச் சொல்ல ஆங்கிலத்தில் பத்து வழி தெரியும் எனக்கு. இவரிடம் அதெல்லாம் செல்லாது. "எம் வீட்டுக்காரரு என்னைய விட்டுட்டுப் போயிட்டாரு" என்றேன். சொல்லிவிட்டேன். தெரு வரவில்லை, அத்தைமார் வரவில்லை. "யாராச்சும் கேப்பாங்கன்னு பயம்." பின்சீட்டில் கை நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார், நான் அந்தப் பார்வையிலிருந்து தப்பித்துப் போக இந்தச் சின்னக் காரில் இடம் இல்லை.

"அவன் போனதுக்கா, தமிழே தெரியாதுன்னுட்ட?"

"ஆமாம்மா" என்றேன்.